கடல்நீரில் தேறிய கால்கள்

கிளேபாங் கடற்கரைக்குச் செல்வோர் தேங்காய் ஷேக் குடித்துவிட்டுக் கடலில் இறங்காமல் திரும்புவதில்லை. இடுப்பளவு நீரில் நடக்கும்போது உடலின் பாரம் பாதியாகக் குறைந்ததுபோல் இருக்கும். ஆனால், காலை முன்னே எடுத்துவைப்பது கடினம். நமக்கு இது விளையாட்டு. கால் நொந்த குதிரைக்கோ இதுவே மருத்துவம்.

பந்தயக் குதிரையின் எடை ஏறக்குறைய 500 கிலோகிராம். அதில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. அடிபடுவதும் பெரும்பாலும் அவைதாம். காயம் ஆறும்வரை குதிரையை மனிதரைப்போல் படுக்கவைக்க இயலாது. நின்றால் கால் வலிக்கும். நிற்காவிட்டால் தசை தளரும். இந்தச் சிக்கலுக்கு நீர் வழிகாட்டியது. இடுப்பெலும்பு வரை நீர் இருந்தால் கால்கள் தாங்கும் எடை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இங்கிலாந்தின் சவுத்போர்ட் கடற்கரையில் இறால் பிடிப்போரின் வண்டிக் குதிரைகள் கடல்நீரில் நடந்து கால் தேறியதைச் சிறுவயதில் கண்டவர் ஜிஞ்சர் மெக்கெய்ன். பிற்காலத்தில் அவர் பழைய கார் விற்றுக்கொண்டே, கடைக்குப் பின்னாலிருந்த லாயத்தில் குதிரைகளைப் பழக்கினார். 1972இல் அவர் வாங்கிய ரெட் ரம் என்னும் குதிரைக்குக் குளம்பெலும்பில் நோய். நொண்டிய அதனை அவர் கடலில் இறக்கி நடக்கவிட்டார். அடுத்த ஆண்டே அது கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் வென்றது. அப்போது ஏழு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, முப்பது தடைகளைத் தாண்ட வேண்டியிருந்த பந்தயம் அது! 1974இலும், பன்னிரண்டு வயதான பிறகு 1977இலும் அதுவே வென்றது. அந்தப் பந்தயத்தில் மும்முறை வென்ற ஒரே குதிரை ரெட் ரம்தான்.

ஆயினும், நீர் எல்லாவற்றையும் செய்துவிடாது. நீந்தும்போது குளம்பு தரையில் மோதுவதில்லை. மோதாத எலும்பு உறுதி பெறுவதில்லை. ரெட் ரம்மும் கடலில் மட்டும் நிற்கவில்லை, ஈரமணலில் நெடுந்தூரம் ஓடியது. மேலும், நீந்தும் குதிரை முதுகை வளைத்துக்கொள்ளும். முதுகுவலி உள்ள குதிரையை நீந்தவிட்டால் வலி கூடும். ஆறாத புண்ணோடும் இறக்கக்கூடாது.

இன்று பல லாயங்களில் குதிரைகளுக்கென்றே குளங்கள் உள்ளன. புதிய குதிரையை முதல்நாள் ஒரு சுற்று மட்டுமே நீந்தவிடுவர். பழக்குநர் கரையோரமாகக் கயிற்றைப் பிடித்தபடி உடன் நடப்பார். அவர் கண் குதிரையின் காலில் இருக்காது, மூச்சில் இருக்கும்.