அரைப் பைசாவும் அமானிதமே



ஐ.பி.எம். நிறுவனம் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ஏ.எஸ்./400 கணினியின் வழிவந்தவை இன்றும் பல நிறுவனங்களின் ஊதியக் கணக்கைச் சுமக்கின்றன. அவற்றில் ஓடும் ஆர்.பி.ஜி. நிரல்களைப் பராமரிப்பதே ராஜா அண்ணாமலைபுரத்தில் வசிக்கும் எங்கள் இருவரின், கணவன் மனைவியின், பிழைப்பு. இத்தொழிலில் பிறர் ஹக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இக்கணினியில் பணத்தொகையைப் பெரும்பாலும் 'பேக்டு டெசிமல்' முறையில் வைப்பார்கள். ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்கள். கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்னும் குறி. 12345.67 என்னும் ஏழு இலக்கத் தொகைக்கு நான்கே பைட்டுகள் போதும். இரும எண்முறையில் 0.1ஐத் துல்லியமாக எழுத இயலாது, இம்முறையில் இயலும். ஆனால் புள்ளி எங்கே என்பது தரவில் இராது. எத்தனை தசம இடங்கள் என்பதை ஃபீல்டின் வரையறையே சொல்லும்.

ஒரு நிறுவனத்தின் ஊதிய நிரலில் நாங்கள் கண்டது இதுதான். ஒரு நாள் கூலி 412.675 என வரும். இரண்டு தசம இடமுள்ள ஃபீல்டில் அது 412.67 ஆகிவிடும். 'ஹாஃப் அட்ஜஸ்ட்' செய்யும்படி கட்டளையிடாவிட்டால் ஆர்.பி.ஜி. முழுமையாக்காது, வெட்டிவிடும். "இருபத்தைந்து பைசா நாணயமே 2011 ஜூன் 30க்குப் பின் செல்லாது, ஒரு பைசாவுக்கா இத்தனை பேச்சு?" என்றார் கணக்கு மேலாளர். நாளொன்றுக்கு ஒரு பைசா வீதம் 400 பேருக்கு, மாதம் 26 நாள்களுக்கு வெட்டினால் 104 ரூபாய். வான்கூவர் பங்குச்சந்தைக் குறியீடு 1982இல் 1000 புள்ளிகளில் தொடங்கியது. மூன்றாம் தசமத்துக்கு மேல் வெட்டி வந்ததால் 1983 நவம்பரில் சுமார் 524இல் நின்றது. திருத்திக் கணக்கிட்டபோது அது 1098.

இதனினும் பெரியதொன்று லாஜிக்கல் ஃபைலில் இருந்தது. லாஜிக்கல் ஃபைல் தானாக எந்தத் தரவையும் வைத்திருப்பதில்லை. பிசிக்கல் ஃபைலில் இருப்பதை வரிசைப்படுத்தியும் வடிகட்டியும் காட்டும் சாளரம் அது. வேலையை விட்டு நீங்கியவர்களை விலக்கும் நிபந்தனை அதில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே அவர்களுக்குரிய நிலுவை எந்தத் திரையிலும் தெரியவில்லை. பிசிக்கல் ஃபைலிலோ ஒரு பைசா குறையாமல் அப்படியே கிடந்தது.

அளவையில் குறைப்போரின் பெயராலேயே அல்முதஃப்பிஃபீன் என்றொரு சூரா நம் வேதத்தில் உண்டு. தராசின் இடத்தில் இன்று நிரல் நிற்கிறது. நிலுவை உள்ளோர் பட்டியலை எடுத்து, எழுத்து மூலமாகவே நிர்வாகத்திடம் அளித்தோம். வெட்டுவதை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். பழைய நிலுவைக்கு இன்னும் பதில் இல்லை. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம், இன்ஷா அல்லாஹ். கணக்கு எழுதும் பணியில் உள்ள சகோதரர்கள், திரையில் தெரிவதோடு நின்றுவிடாமல் அதன் அடியில் இருப்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.