கிளட்ச் விடவில்லையா? பதற வேண்டாம்!

டிராக்டர், கிளட்ச் எல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கெதற்கு என்று சில சகோதரிகள் நினைக்கலாம். எங்கள் ரஞ்சன்குடிப் பக்கம் அப்படி ஒதுங்கிவிட முடியாது. மானாவாரிக் கரிசல் பூமி. புரட்டாசி மழை ஈரம் காயுமுன் மக்காச்சோளமும் பருத்தியும் விதைத்தாக வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் வண்டியும் வயலும் என் பொறுப்பு.

சென்ற வருஷம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. பட்டறையில் வண்டியை இரண்டாகப் பிரித்து, புதுப் பிளேட் போட்டு, வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். மறுநாள் பெடலை அடிவரை மிதித்தும் கியர் விழவில்லை. கர்ரென்று ஒரே சத்தம். வலிந்து போட்டால், காலை எடுக்குமுன்பே வண்டி முன்னால் பாய்கிறது! வாசலில் பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருந்த நேரம். வயிற்றில் புளியைக் கரைத்தது.

பட்டறையில் கேட்டால், "மறுபடி பிரிச்சுத்தான் பாக்கணும்க்கா, நாலு நாள் ஆகும்" என்றார்கள். ஈரம் நாலு நாள் காத்திருக்குமா? பக்கத்து ஊரிலிருந்து அனுபவமுள்ள மெக்கானிக் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன்.

"ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல அப்பளத்தை வச்சு அழுத்துற மாதிரிதாம்மா கிளட்ச் பிளேட். பெடலை மிதிச்சா கை விலகணும். விலகலேன்னா இன்ஜினோட கியர் பெட்டியும் சேர்ந்து சுத்தும்" என்றார்.

பெடலைக் கையால் அழுத்தி, கனம் தட்டும்வரை எவ்வளவு தூரம் சும்மா இறங்குகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்தார். வண்டியின் கையேட்டில் போட்டிருந்ததைப்போல் இரண்டு மடங்கு! தேய்ந்த பிளேட்டுக்கு ஏற்றபடி இருந்த பெடல் கம்பியைப் புதுப் பிளேட்டுக்காக மாற்றி அமைக்காமல் விட்டிருக்கிறார்கள். புதுப் பிளேட் தடிமன் என்பதால் உள்ளே இருக்கும் விரல்கள் ரிலீஸ் பேரிங்கைவிட்டு விலகிவிடும். அந்த இடைவெளியைக் கடக்கவே பெடலின் ஓட்டம் வீணாகிறது. நட்டைத் தளர்த்திக் கம்பியின் நீளத்தைச் சரி செய்தார். அரை மணி நேரத்தில் கியர் சத்தமில்லாமல் விழுந்தது!

எல்லா வண்டிக்கும் இதோடு தீர்ந்துவிடாது. அளவு சரியாக இருந்தும் விடவில்லையென்றால், பிளேட்டை முன்பின் மாற்றி மாட்டியிருக்கலாம். விரல்கள் ஒரே மட்டத்தில் இல்லாதிருக்கலாம். இவற்றுக்குப் பிரித்தே ஆக வேண்டும். மழையில் பல நாள் நின்ற வண்டியானால், துருவேறிப் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

ஆகவே சகோதரிகளே, பட்டறையைவிட்டு எடுக்குமுன் அங்கேயே சோதித்துவிடுங்கள். வெட்டவெளியில், முன்னும் பின்னும் ஆளில்லாமல், பிரேக்கில் கால் வைத்தபடி, இன்ஜின் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து எண்ணிவிட்டுக் கியர் போடச் சொல்லுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். வண்டி அசையக் கூடாது. பெடல் சும்மா இறங்கும் தூரத்தையும் அளந்து குறித்துக் கொள்ளுங்கள். பிளேட் தேயத் தேய அந்தத் தூரம் குறையும். அறவே இல்லாமல் போனால் கிளட்ச் வழுக்கி, புதுப் பிளேட்டும் சீக்கிரம் பாழாகும். மாதம் ஒரு முறை அளக்க, பிள்ளைகளின் பள்ளிக்கூட ஸ்கேலே போதும்.