4.2 கிகாஹெர்ட்ஸும் எங்கள் மொட்டை மாடியும்

2015 கோடை லீவு. நான் ஒன்பதாம் வகுப்பு. டிக்கெட் விலையைப் பார்த்த அப்பா, "அடுத்த வருஷம் ஊருக்குப் போலாம் தம்பி" என்று சொல்லிவிட்டார். ஷார்ஜா ரோலா பக்கத்தில் ஒரு பெட்ரூம் பிளாட், இரண்டு மாத லீவு, வெளியே கால் வைக்க முடியாத வெயில். ஊர் போகாத ஏமாற்றத்துக்கு ஈடாகத்தான் எனக்குக் கம்ப்யூட்டர் கிடைத்தது.

பர் துபாயில் காலித் பின் அல் வலீத் சாலையை நம் ஆட்கள் 'கம்ப்யூட்டர் ஸ்ட்ரீட்' என்பார்கள். அங்கே கடை கடையாக ஏறி இறங்கியதில் அப்பாவின் பட்ஜெட்டுக்குள் அடங்கியது இன்டெல் பென்டியம் ஜி3258. பென்டியம் என்ற பெயருக்கு 20 வயது ஆனதைக் கொண்டாட 2014-ல் வந்த சிப். அறிமுக விலை 72 டாலர், நம் கணக்கில் சுமார் 265 திர்ஹம். இரண்டே கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அதில் ஒரு விசேஷம்: மல்டிப்ளையர் பூட்டப்படவில்லை.

அப்படியென்றால்? மதர்போர்டு 100 மெகாஹெர்ட்ஸில் தாளம் போடும். சிப் அதை 32-ஆல் பெருக்கி 3,200-க்கு ஓடும். அந்த 32-ஐ நாமே 42 ஆக்கலாம். வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். இதுதான் ஓவர்கிளாக்கிங். விலை குறைந்த சிப்பில் இதைச் செய்வது புதிதும் இல்லை. 1998-ல் வந்த செலரான் 300ஏ-வில் பெருக்கும் எண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் மதர்போர்டின் தாளத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றி, 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450-க்கு ஓட்டினார்கள்.

நானும் செய்தேன். 42 போட்டதும் விண்டோஸ் வரவில்லை. வேகம் கூடினால் வோல்டேஜும் கூட வேண்டும். 1.1-ல் இருந்ததை 1.25 ஆக்கினேன், வந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு, ஏசி 24-ல் ஓடும்போது, பிரைம்95 போட்டு ஒரு மணி நேரம் சோதித்தேன். 74 டிகிரி. பாஸ்! சும்மா கிடைத்த வேகம் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

அப்பா ஏசி மெக்கானிக். சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, தான் பார்த்துக்கொள்ளும் கட்டடங்களில் உள்ள யூனிட்டுகளின் பட்டியலை ஒற்றை விரலால் எக்செல்லில் அடித்துக்கொண்டிருந்தார். மூன்று ராத்திரி வேலை. சனிக்கிழமை காலையில் கொடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம். கரண்ட் பில்லுக்குப் பயந்து அம்மா மதியத்தில் பெட்ரூம் ஏசியை அணைத்துவிடுவார். எல்லாரும் ஹாலில் இருப்போம். "பத்து நிமிஷ வேலைதான்" என்று அப்பா மட்டும் உள்ளே போய் உட்கார்ந்தார். பின்னணியில் என் வீடியோ ஒன்று ரெண்டர் ஆகிக்கொண்டிருந்தது. அதை நான் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் நீலத் திரை. மறுபடி ஆன் செய்தபோது அந்த ஃபைல் திறக்கவே இல்லை.

என்ன செய்தேன் என்று சொன்னேன். அப்பா திட்டவில்லை. சிபியூ பெட்டியின் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன்.

"காத்து எங்கடா போவும்?" என்றார்.

சாயந்திரம் நாத்தூரிடம் சாவி வாங்கி என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். வரிசையாக ஸ்பிளிட் ஏசியின் அவுட்டோர் யூனிட்டுகள். ஒன்றின் முன்னால் நிற்கச் சொன்னார். அடுப்புக்கு முன் நிற்பதுபோல் காற்று முகத்தில் அடித்தது. ஐந்து நிமிடம்கூட நிற்க முடியவில்லை.

"சூட்டை யாராலயும் அழிக்க முடியாது தம்பி. ஒரு எடத்துலேருந்து எடுத்து இன்னொரு எடத்துல கொட்டலாம், அவ்வளவுதான். நம்ம பெட்ரூம் சூடு இங்கதான் வருது."

அப்பா வேலை செய்யும் இடத்தை நான் பார்த்தது அன்றுதான். இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. மனித உடம்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதால். மூன்று மணிக்குப் பிறகும் மாடி அதே சூட்டில்தான் இருக்கும். அப்பா அங்கே ஏறுவார்.

கீழே வந்து கணக்குப் போட்டேன். சிப் வெளியிடும் சூடு, வேகத்தோடு நேராகக் கூடும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாகக் கூடும். எனக்குக் கிடைத்த வேகம் 31 சதவீதம். அதற்காக நான் கூட்டிய சூடு கிட்டத்தட்ட 70 சதவீதம்! ஏசி இல்லாத அறையில் 12 டிகிரி கூடினால், உள்ளே கோரிலும் ஏறக்குறைய அதே 12 டிகிரி கூடும். 74-ல் தாங்கிய வேகத்தை 86-ல் தாங்காமல் போகலாம். ராத்திரி பாஸ் ஆனது மதியம் ஃபெயில் ஆனது இப்படித்தான்.

38 போட்டு, வோல்டேஜை 1.15-க்கு இறக்கினேன். 19 சதவீத வேகம், சுமார் 30 சதவீதச் சூடு. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்தேன். அன்று இரவு அப்பா தன் டைரியைப் பார்த்துப் படிக்கப் படிக்க, நான் பட்டியலை மறுபடி அடித்தேன். முடியும்போது மணி இரண்டு. காலையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இன்னும் மூன்று கோடைகள் மாடிதான். அதற்கு என் சிப் காரணம் இல்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் அந்த நீலத் திரையை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும்.

நீங்களும் செய்து பார்க்க நினைத்தால், தாராளமாகச் செய்யுங்கள். முதலில் உங்கள் சிப்பும் போர்டும் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். ரைசன் சிப் வைத்திருந்தாலும் ஏ வரிசை போர்டில் நடக்காது. பி வரிசையாவது வேண்டும். வாரண்டி போகலாம் என்பது தெரிந்திருக்கட்டும். ஒரே தாவாகத் தாவாமல் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சோதனையை ராத்திரி ஏசியில் செய்யாதீர்கள். ஆகஸ்ட் மாத மதியம் மூன்று மணிக்கு, ஏசியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அதில் பாஸ் ஆனால்தான் பாஸ்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் கம்ப்யூட்டரில் வீட்டில் வேறு யாருடைய வேலை இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.