படியும் படமும்

உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பிறருக்குக் கற்பிக்கும் பாடத்தை நாம் சரியாகக் கற்றிருக்கிறோமா என்று யாரும் நமக்குப் பரீட்சை வைப்பதில்லை. இருபது வருஷமாக ஒளியின் குணங்களைப் பற்றிப் பையன்களுக்குப் பாடம் சொல்லி வரும் நமக்கு, அப்படி ஒரு பரீட்சையை அத்தை வைத்துவிட்டார்.

பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரைக்குச் சமீபத்தில் அத்தையின் வீடு இருந்தது. 'இருந்தது' என்பதைக் கவனிக்க வேண்டும். அடுக்கு மாடிக் கட்டிடம் எழும்புவதற்காக அதை இடித்தாகிவிட்டது. 1970-களில் மாமா ஆசையோடு கட்டிய அந்த வீட்டின் விசேஷம் அதன் சுழல் படிக்கட்டுத்தான். நடுவில் தூண் கிடையாது. ஒவ்வொரு படியும் சுவரிலிருந்து தனிப் பலகைபோல் நீண்டிருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், சங்கின் உட்புறத்தைப்போல் வளைந்து வளைந்து ஏறி, உச்சிக் கண்ணாடி வழியாக ஆகாசத்தில் போய் முடியும். முழங்கால் வலியினால் அத்தை அதில் ஏறிப் பத்து வருஷமாகிறது.

"வீடு போனால் போகட்டும். படியை மட்டும் ஒரு படம் பிடித்துக் கொடு" என்றார்.

இது ஒரு பிரமாதமான காரியமா? ஒரே மாலையில் நாற்பது படங்கள் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினோம். அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஏண்டா, இது படியா, கிணறா?" என்று கேட்டார்.

வீடு இடிபட இன்னும் பத்து நாள் இருந்தது. பழகிக்கொள்வதற்காக, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் புறப்பட்டோம். மெரினாவின் கலங்கரை விளக்கம் நமக்குச் சமீபந்தான். ஆனால் அங்கே லிப்ட் வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்திலோ, 1904 முதல் ஒளி வீசிவரும் கற்கோபுரத்தில் சுழன்று சுழன்று காலால்தான் ஏற வேண்டும். அனுமதி கேட்டுக்கொண்டு, அந்தப் படிகளில் உட்கார்ந்து நம் குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம்.

முதற் குற்றம், சகலத்தையும் காமிராவின் பொறுப்பிலேயே விட்டது. அது எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். உச்சியிலுள்ள பிரகாசத்தைக் கண்டு மிரண்டு, வேண்டிய படிகளை இருட்டில் தள்ளிவிடும். வெளிச்சத் திருத்தத்தை ஒரு படி கூட்டி வைக்க வேண்டியது நம் வேலை.

இரண்டாவது, இருட்டாயிருக்கிறதே என்று பிளாஷ் போட்டது. இரண்டு மடங்கு தூரத்தில் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்! பக்கத்துப் படி வெளுத்தது, மேற்படிகள் மறைந்தன.

மூன்றாவது, திரை 1/8 வினாடி திறந்திருக்கையில் காமிராவைக் கையில் பிடித்தது. அவ்வளவு நேரம் அசையாதிருக்க நாம் யோகி அல்ல. நான்காவது, பள்ளிக்கூட நாடகத்துக்காக 6400-க்கு உயர்த்திய ஒளியுணர்வு எண்ணைத் திரும்ப இறக்க மறந்தது. படம் முழுவதும் ரவை தூவினாற்போல் ஆனதன் காரணம் அதுதான். ஐந்தாவது, துவாரத்தை அகலத் திறந்து வைத்தது. அதனால் ஒரு படி தெளிந்தால் மற்றப் படிகள் கலங்கின. அதற்காகத் துவாரத்தை ஒரேயடியாக 22 வரைக்கும் சுருக்கினாலும் கூர்மை மழுங்கும். 8 போன்ற நடு எண் உத்தமம்.

எட்டாம் நாள் காலை, உச்சிக் கண்ணாடியில் வெயில் நேரே விழுவதற்கு முன்பே, காலியான அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். படிக்கட்டின் மையத்தை அளந்து, தரையில் கைக்குட்டையை விரித்து, காமிராவை மல்லாக்கப் படுக்க வைத்தோம். உணர்வெண் 100, துவாரம் 8. நடுப்படி ஒன்றைக் குறிவைத்து, கையினாலேயே கூர்மையைச் சரிசெய்தோம். பொத்தானை அழுத்திய அதிர்வு அடங்குவதற்காக இரண்டு வினாடி தாமதமும் வைத்துவிட்டு, படத்தில் நம் தலை விழாதபடி ஒதுங்கி நின்றோம். வெளிச்சத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் மூன்றே படங்கள் எடுத்தோம்.

அவற்றில் நல்லதைப் பெரிதாக அச்சிட்டு அத்தையிடம் கொடுத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்ப்படியில் விரலை வைத்து, ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே மேலே போனார். பதினோராவது படியில் விரல் நின்றது.

"சாயங்காலமானால் உன் மாமா இங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய நாற்பது படங்களையும் எடுத்துப் பார்த்தோம். ஒன்றிலாவது அந்தப் பதினோராவது படி தெரியவில்லை.