வியாழக்கிழமை லீவு

வியாழக்கிழமை காலையில் நான் புத்தகப் பையைத் தூக்கினால் திண்ணையிலிருந்து தாத்தா கேட்பார்: "இன்னிக்கு வியாழன் ஆச்சேடா, எங்க கிளம்பிட்ட?" வயசாகிவிட்டது, ஏதோ குழம்புகிறார் என்று சிரித்துக்கொண்டே போய்விடுவேன். குழப்பம் ஒன்றுமில்லை. 1930-களில் புதுச்சேரியில் அவர் படித்த பிரெஞ்சுப் பள்ளிக்கு வியாழன் லீவு, சனிக்கிழமை வகுப்பு.

இந்த வழக்கம் பாரீஸிலிருந்து வந்தது. 1882-இல் அங்கே ஒரு கல்விச் சட்டம் போட்டார்கள். அரசுப் பள்ளியில் மத போதனை கூடாது. வேண்டுமென்றால் பெற்றோர் வெளியே சொல்லிக்கொடுத்துக்கொள்ளட்டும் என்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினார்கள். அது வியாழன் என்று நிலைத்தது. பிரான்ஸில் பாதிரிக்கும் வாத்தியாருக்கும் நடந்த சண்டையில் முதலியார்பேட்டைப் பையனுக்குப் பம்பரம் விட ஒரு நாள் கிடைத்தது.

ஆனால் கூட விளையாட ஆள் வேண்டுமே! தாத்தாவின் அத்தை மகன் விழுப்புரத்தில் இருந்தான். புதுச்சேரிக்கும் அந்த ஊருக்கும் 1879-லேயே ரயில் வந்துவிட்டது, தூரமும் அதிகமில்லை. ஆனால் அது இங்கிலீஷ்காரன் சீமை. அவன் சனிக்கிழமை காலை வந்து இறங்குவான். தாத்தாவோ வகுப்பில் உட்கார்ந்திருப்பார். இரண்டு அரசாங்கமும் ஒத்துக்கொண்ட நாள் ஞாயிறு ஒன்றுதான்.

சனிக்கிழமையில் 'திக்தே' வேறு. நம் பாஷையில் சொல்வதெழுதுதல். வாத்தியார் தமிழர்தான், ஆனால் புத்தகத்தைத் திறந்துவிட்டால் பிரெஞ்சுதான். அந்த மொழியில் எழுதுவதில் பாதி வாயில் வராது. வாயில் வராததைக் காதால் கேட்டு எழுத வேண்டும். ஐந்து பிழை விட்டால் பூஜ்யம். தாத்தா எண்பது வயதிலும் சேன், லுவார், ரோன் என்று நதிகளை வரிசையாக ஒப்பிப்பார். நம்ம சங்கராபரணி எங்கே உற்பத்தியாகிறது என்று ஒருநாள் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது பாடத்துல வரலையே" என்றார். செஞ்சி மலைப் பக்கம் என்று நான்தான் சொன்னேன்.

அதே காலத்தில் பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் பாரதிதாசனும் வாத்தியாராக இருந்தார். 1909-இல் சேர்ந்து 1946-இல் ஓய்வு பெற்றவர். தாத்தாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். அதனால் பிள்ளைகள் எல்லாரும் சமர்த்தாகவே இருக்கிறார்கள். யதுகிரி அம்மாள் வேறு மாதிரி. 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தபோது அவர் வீட்டில் ஓடியாடிய சிறுமி, பிறகு அந்த நினைவுகளை எழுதினார். எல்லாரும் பாரதிக்காகப் படிக்கிற புத்தகம் அது. இரண்டாம் முறை படித்தபோது நான் அந்தச் சிறுமியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தெருவில் இங்கிலீஷ் ஒற்றர்கள் நோட்டம் விட, உள்ளே பாட்டும் கதையுமாக வளர்ந்த பெண்.

தாத்தாவின் வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவருடைய அப்பா மில் தொழிலாளி. மற்ற நாட்களில் அம்மா கொண்டுபோகும் சோற்றுத் தூக்கு, வியாழனன்று தாத்தாவின் கைக்கு வரும். பழையதும் கருவாடும், மூடிமேல் ஒரு பச்சை மிளகாய். தூக்கின் பிடி கையில் அழுத்தாமல் இருக்கத் துணி சுற்றியிருக்கும். மில் சங்கு ஊதுவதற்குள் வாசலுக்குப் போய்விட வேண்டும், வழியில் கோலி ஆடக் கூடாது. ஆடுவாராம்.

1936 ஜூலை 30-ஆம் தேதி, போராட்டத்தில் இருந்த மில் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். மறு வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்த பிறகு, சும்மா ஒரு ஆர்வத்தில் கிழமையைக் கணக்குப் போட்டேன். வியாழன்!

தாத்தாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

"வியாழனா இருந்ததாலதாண்டா நான் போனேன். பாதி வழியில எல்லாரும் எதிர்த்தாப்புல ஓடியாந்தாங்க. ஒரு அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே ஓடுச்சு, யாருன்னு தெரியாது. அப்பா ராத்திரிதான் வந்தாரு, மேல துண்டு இல்ல."

"சோறு?"

"கொட்டலைடா," என்றார், இப்போதும் அம்மாவுக்குப் பதில் சொல்வதுபோல. "மிளகாதான் எங்கியோ விழுந்துடுச்சு."