உலமாக்களும் நொத்தாரிசுமாரும்

‘உலமாக்கள்’ என்று எழுதுவது பிழை என நமக்குள் ஒரு சாரார் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். ‘ஆலிம்’ ஒருமை, ‘உலமா’ பன்மை. பன்மையின் முதுகில் இன்னொரு பன்மையை ஏற்றுவானேன் என்பது அவர்களது வாதம். அரபு இலக்கணப்படி அது சரிதான். ‘வலி’யின் பன்மை ‘அவ்லியா’, ‘ஷஹீதி’ன் பன்மை ‘ஷுஹதா’, ‘ஸஹாபி’யின் பன்மை ‘ஸஹாபா’. இத்தனைக்கும் நாம் கூசாமல் ‘க்கள்’ சேர்க்கிறோம். போதாக்குறைக்கு, தெவட்டகஹப் பள்ளியில் அடங்கியிருக்கும் பெரியாரை எங்கள் வீட்டுப் பெண்கள் ‘அவ்லியா’ என்றே சொல்வார்கள். நேர்ச்சை வைப்பது ஒருவருக்கு, சொல்லோ பன்மை. 1924இல் தோன்றிய ஜம்இய்யத்துல் உலமா தன் பெயரில் பன்மையைச் சரியாகவே வைத்திருக்கிறது. அதன் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வரும்போது மட்டும் ‘உலமாக்கள் கலந்துகொண்டனர்’ என்று ஆகிவிடுகிறது.

இந்தப் பன்மைச் சிக்கலை நான் முதலில் அறிந்தது அரபியில் அல்ல, லத்தீனில். ஓதப்பள்ளியில் அரபி எழுத்தைக் கூட்டி ஓதக் கற்றோமே தவிர, இலக்கணம் எவரும் சொல்லித் தரவில்லை. லத்தீனோ இலக்கணமாகவே வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலைக்கு என்னை வாப்பா அனுப்பினார். முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க அப்போது இடமிருந்தது. பிள்ளை அப்புக்காத்தாக வேண்டுமென்றால் லத்தீன் வேண்டும் என்று வாப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அப்புக்காத்து ஆகவில்லை. லத்தீன் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் லத்தீன் சேர் ஒரு வயதான பறங்கியர். காலையில் ஆங்கிலப் பத்திரிகையைப் பென்சிலோடுதான் படிப்பார். ‘ஸ்டேடியம்ஸ்’ என்று கண்டால் வெட்டி ‘ஸ்டேடியா’ என்று எழுதுவார். ‘அஜெண்டா’வை ஒருமையாக எழுதியிருந்தால் ஒரு பெருமூச்சு. ‘டேட்டா’ என்பது ‘டேட்டம்’ என்பதன் பன்மை, ‘கொடுக்கப்பட்டவை’ என்று பொருள் என்பார். முச்சக்கர வண்டிக்காரர் இன்று “டேட்டா முடிஞ்சி போச்சு” என்று சொல்வதைக் கேட்க அவர் இல்லை. இருந்திருந்தால் “முடிந்து போயின” என்று திருத்திவிட்டுத்தான் இறங்கியிருப்பார்.

ஆனால் அவரிடம் ஒரு நேர்மை இருந்தது. பண்டிதத்தனம் எங்கே வழுக்கி விழும் என்பதையும் அவரே காட்டித் தருவார். ‘சிலபஸ்’ என்பதற்கு ‘சிலபை’ என்று பன்மை சொன்ன மாணவனை உட்காரவைத்துவிட்டு ஒரு கதை சொன்னார். சிசரோ தன் நண்பர் அத்திக்கஸுக்கு எழுதிய கடிதங்களில், சுருள்களில் ஒட்டும் பெயர்ச்சீட்டைக் குறிக்க ‘சித்திபாஸ்’ என்றொரு சொல் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அக்கடிதங்களை அச்சிட்டபோது அது ‘சில்லபோஸ்’ என்று பிழையாக விழுந்தது. அந்த அச்சுப்பிழையிலிருந்து பிறந்ததுதான் ‘சிலபஸ்’. ஆகவே ‘சிலபை’ என்பது ஓர் அச்சுப்பிழையின் இலக்கண சுத்தமான பன்மை. நம் சிற்றிதழ்களின் அச்சுப்பிழைகளும் நானூறு ஐந்நூறு வருஷம் பொறுத்திருந்தால் பாடத்திட்டம் ஆகலாம்.

பஸ்ஸின் கதை இன்னும் விசேஷம். 1820களில் பிரான்ஸில் எல்லாரும் ஏறக்கூடிய வண்டிக்கு ‘ஒம்னிபஸ்’ என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் ‘எல்லாருக்கும்’ என்று அர்த்தம். பிறகு தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்த வாலாகிய ‘பஸ்’ ஒரு சொல்லே அல்ல. பன்மையோடு சேர்ந்த நான்காம் வேற்றுமை உருபு. தமிழில் ‘களுக்கு’ என்பதைப் போல. 1958 ஜனவரியில் அரசாங்கம் பஸ்களைச் சுவீகரித்தது என்று எழுதுகிறோமே, லத்தீன்காரன் கண்ணுக்கு அது ‘களுக்குகளை’ச் சுவீகரித்ததாகவே தெரியும். காலி வீதியில் நின்று நானும் பல வருஷம் ஒரு வேற்றுமை உருபுக்காகக் காத்திருந்திருக்கிறேன்.

முதல் பாடம் ‘மென்ஸா’, அதாவது மேசை. அதை ஆறு வேற்றுமையில் அடுக்க வேண்டும். ‘ஓ மேசையே’ என்ற விளி வேற்றுமையில் மற்றப் பையன்கள் சிரிப்பார்கள். எட்டு வேற்றுமை உள்ள மொழியில் வளர்ந்த எங்களுக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. எனக்கு ஆச்சரியம் வேறு. ‘மென்ஸா’வைப் போர்த்துக்கேயர் ‘மேஸா’ ஆக்கி இங்கே கொண்டுவந்து விட்டுப்போனதுதான் நம் ‘மேசை’ என்று சேர் சொன்னார். ‘அர்மாரியம்’ அலுமாரியானது. ‘கதேத்ரா’ போர்த்துக்கேய வாயில் ‘கதேய்ரா’ ஆகி, நம்மிடம் கதிரையானது. மேற்றிராணியாரின் அந்தக் கதேத்ரா இருக்கும் கோயில் என்பதால்தான் கொட்டாஞ்சேனை சாந்த லூசியா கோயிலுக்குக் கதீட்ரல் என்று பேர். அவருடைய ஆசனமும், எங்கள் வீட்டு விறாந்தையில் வாப்பா சாய்ந்திருக்கும் பிரம்புக் கதிரையும் ஒரே சொல். லத்தீன் படிக்க நான் கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கவே வேண்டாம் போல. உம்மம்மா அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தா.

அந்தக் கதிரைகளை நாம் ‘கதேத்ரே’ என்று பன்மை ஆக்குவதில்லை. நொத்தாரிசு என்பதும் ‘நொத்தாரியஸ்’ என்ற லத்தீன், டச்சுக்காரன் வழியாக வந்தது. பன்மை ‘நொத்தாரியீ’ என்று கொட்டாஞ்சேனையில் படித்தேன். வீட்டில் அவர்கள் ‘நொத்தாரிசுமார்’. அப்புக்காத்துமாரும் அப்படியே.

இதை விளையாட்டாக விட்டிருப்பேன். பல வருஷங்களுக்குப் பிறகு நடந்த ஒன்று விடவில்லை. நம்மில் இளைய எழுத்தாளர் ஒருவர் தன் முதல் கதையைக் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். மௌத்தாகும் தறுவாயில் ஒரு கிழவி, “மலாயிக்கத்துமார் வந்து நிக்கிறாங்க, வாசலை விடுங்க” என்று சொல்கிறாள். கதையின் உயிர் அந்த வசனத்தில்தான். அச்சில் வந்தபோது, “வானவர்கள் வந்து நிற்கிறார்கள், வழி விடுங்கள்” என்று இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, ‘மலாயிக்கா’ ஏற்கெனவே பன்மை, அதோடு ‘மார்’ சேர்ப்பது அரபும் அல்ல தமிழும் அல்ல என்று பதில் வந்ததாம். அவர் அதன்பிறகு பல காலம் எழுதவில்லை. எங்கள் உம்மாமார் பேசுவது தமிழே இல்லையா என்று என்னிடம் கேட்டார்.

தமிழே என்று சொல்லத் தொல்காப்பியர் இருக்கிறார். அவர் கணக்கில் ‘கள்’ அஃறிணைக்கு மட்டும் உரியது. மரங்கள் உண்டு, ஆடுகள் உண்டு. மனிதருக்கு ‘அர்’, ‘மார்’ போன்றவையே போதும். ‘புலவர்’ என்றாலே பலர். ‘அவர்’ என்றாலே பலர். காலப்போக்கில் அந்தப் பன்மை மரியாதைக்கு ஒருமையாய்த் தேய்ந்துபோக, மக்கள் மேலே ஒரு ‘கள்’ளை வைத்தார்கள். ‘அவர்கள்’, ‘புலவர்கள்’, ‘ஆசிரியர்கள்’ எல்லாம் பன்மையின் மேல் ஏறிய பன்மைகள்தாம். ‘உலமாக்கள்’ பிழை என்றால் ‘மாணவர்கள்’ அதே பிழை. ஆங்கிலத்தின் ‘சில்ரன்’ கூட இப்படி இரட்டைப் பன்மைதான். பழைய பன்மையின் மேல் இன்னொரு விகுதியை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கிழவியைத் திருத்திய கை, ‘நிற்கிறார்கள்’ என்று எழுதும்போதே ‘ஆர்’ மேல் ‘கள்’ளை ஏற்றியிருப்பதைக் கவனிக்கவில்லை.

மலக்குமாரின் பன்மை அரபியில் எது என்று மத்ரஸாவில் பரீட்சை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். கிழவியின் வாயில் வைக்கக் கூடாது. ‘மார்’ என்பது அவள் அந்த விருந்தாளிகளுக்குக் கொடுத்த மரியாதை. மச்சான்மார், லெப்பைமார், மலாயிக்கத்துமார்.

இனி, உண்மையிலேயே கொழும்பு முஸ்லிம்களின் வயிற்றைத் தொட்ட ஒரு லத்தீன் பன்மையைச் சொல்ல வேண்டும். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் அது இருக்கிறது: ‘பிடேயி கொமிஸ்ஸா’. அதன் ஒருமை ‘பிடேயி கொமிஸ்ஸம்’. ரோமானிய டச்சுச் சட்டத்தோடு இங்கே வந்தது. ஒரு வீட்டை மகனுக்குக் கொடுக்கும்போதே, நீ விற்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, உனக்குப் பின் உன் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று உறுதியில் கட்டிவிடுவது. இந்தக் கட்டு இல்லாத நன்கொடைக்கு அவரவர் மத்ஹபின் சட்டம். கட்டு இருந்தால் அது அந்தப் பிரிவுக்குள் அடங்காது. வியாபாரத்தில் விழுந்தாலும் வீடு விழக் கூடாது என்று நினைத்த நம் முன்னோருக்கு இது வசதியாக இருந்தது. எங்கள் சாச்சா ஒருவர் மட்டும், பங்குரிமை விஷயத்தில் இது ஷரீஅத்துக்கு ஒத்ததுதானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீட்டுக்கும் அப்படியொரு உறுதி இருந்தது. கூரை ஒழுகியது. உம்மாவின் கடைசித் தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், கையில் காசில்லை. தலைக்கு மேலே பெறுமதியான வீடு, விற்க முடியாது. உம்மம்மா அந்தச் சொல்லைப் ‘புடகொமிசம்’ என்பா. ஏதோ வியாதியின் பேர் போல இருக்கும். நான் லத்தீன் படிக்கத் தொடங்கிய மூன்றாம் வருஷம் அந்த இரண்டு சொல்லும் எனக்குப் பிரிந்து வந்தன. ‘பிடேயி’, நம்பிக்கைக்கு, ‘கொமிஸ்ஸம்’, ஒப்படைக்கப்பட்டது. உம்மம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவ வெற்றிலையை மென்று முடித்துவிட்டுச் சொன்னா:

“அப்ப அது அமானிதம்தானே மகன். அதச் சொல்ல இவ்வளவு படிக்கணுமா?”

சேரிடம் நான் படித்த எந்த மொழிபெயர்ப்பும் இவ்வளவு துல்லியமாக இருந்ததில்லை. ‘அமானத்’தும் ‘ஈமானு’ம் அரபியில் ஒரே வேரிலிருந்து வருபவை, ‘பிடேஸ்’ என்பதும் நம்பிக்கைதான். குர்ஆனில் ஸூரத்துந் நிஸாவின் 58ஆம் வசனம் அதைப் பன்மையில், ‘அமானாத்’ என்று சொல்கிறது. நாம் ‘அமானத்’தைத் தமிழ் மகரம் போட்டு அமானிதம் ஆக்கி, ‘அமானிதங்கள்’ என்று பன்மை வைத்துக்கொண்டோம். ஒரு மொழி தன் வீட்டுக்குள் எடுத்த பிள்ளைக்குச் சூட்டும் பேர் அப்படித்தான் இருக்கும்.

1972இன் 20ஆம் இலக்கச் சட்டம் எல்லா பிடேயி கொமிஸ்ஸாவையும் ஒழித்தது. தலைப்பிலேயே அந்தப் பன்மை இருந்தது. சேர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். எங்கள் வீட்டில் சந்தோஷம் இரண்டாகப் பிரிந்தது. வீட்டை விற்றால் சின்னம்மாவின் கல்யாணம் நடக்கும், எல்லாருக்கும் கையில் கொஞ்சம் வரும். புரக்டர் கடிதாசிகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். உம்மம்மா கையெழுத்து வைக்கவில்லை.

“சட்டத்தால எடுத்துப் போட்டா அமானிதம் இல்லாமப் போகுமா? கட்டினவர் மௌத்தாகிட்டார், அவர்ட்ட யாரு கேட்ட?”

எவரிடமும் பதில் இல்லை. சட்டம் பன்மையை ஒழித்திருந்தது; அவ கேட்டது ஒருமையைப் பற்றி. இரண்டு மாதம் அந்தக் கடிதாசிகள் அலுமாரியில் கிடந்தன. கடைசியில் சாச்சாதான் வந்து உட்கார்ந்து பேசினார். அமானிதம் செங்கல்லில் இல்லை, பிள்ளைகளில் இருக்கிறது. சின்னவளைக் கரைசேர்க்காமல் வீட்டை வைத்திருந்தால் கட்டினவர் சந்தோஷப்படுவாரா என்று கேட்டார். உம்மம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேனையை வாங்கி, அரபு எழுத்தில் தன் பேரை எழுதினா. அவவுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். அது செல்லுமா என்று புரக்டர் யோசித்தார். செல்லும் என்று பிறகு அவரே சொன்னார்.

சின்னம்மாவின் கல்யாணம் அந்த வருஷமே நடந்தது. வீட்டை வாங்கியவர் சில காலம் வைத்திருந்து வேறொருவருக்கு விற்றார், அவர் இன்னொருவருக்கு. இப்போது அவ்விடத்தில் ஒன்பது மாடி நிற்கிறது. வெளிச்சுவரில் ‘கொண்டோமினியம்’ என்று பித்தளை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதுவும் லத்தீன்தான், ‘சேர்ந்து ஆளுதல்’. பன்மை ‘கொண்டோமினியா’. ஒழுங்கை முனையில் காணித் தரகர் என்னிடம், “இந்தப் பக்கம் கொண்டோமினியம்கள் நிறைய வருது ஹாஜியார், ஒன்னு பார்ப்பமா?” என்று கேட்டார்.

நான் திருத்தவில்லை. விலையை மட்டும் கேட்டேன்.