உண்ண மறந்த முதியோர்

"வயதாகிவிட்டால் பிடிவாதம் கூடிவிடுகிறது, சோற்றைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள்" என்று எங்கள் புதுக்கடைப் பகுதியில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மறதி நோய் கண்டவர்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பிடிவாதமன்று. எதிரில் இருப்பது உணவு என்பதும், மென்றபின் விழுங்க வேண்டும் என்பதுமே அவர்களுக்கு மறந்து போகின்றன. தாகவுணர்வோ முதுமையிலேயே குறைந்துவிடுகிறது. மறதியும் சேர்ந்தால் தண்ணீர் கேட்கவே தோன்றாது.

என் வாப்பா வெள்ளைப் பீங்கான் தட்டில் வெள்ளைச் சோற்றை வைத்தால் வெறுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நோய் முற்றிய ஒன்பது பேர், வெள்ளைப் பாத்திரத்தைவிடச் சிவப்புப் பாத்திரத்தில் 25 விழுக்காடு கூடுதலாக உண்டார்கள். 84 விழுக்காடு கூடுதலாகப் பருகினார்கள். ஒன்பது பேர்தானே என்று நீங்கள் ஐயுறலாம். தட்டை மாற்ற என்ன பெரிய செலவு? நாங்கள் மாற்றினோம், வாப்பாவின் கண்ணுக்குச் சோறு தெரிந்தது.

பல கறிகளைப் பரப்பாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். அவித்த ஏத்தன்பழத் துண்டைக் கையில் கொடுத்தால் அது தானே வாய்க்குப் போகும். எதிரே அமர்ந்து நீங்களும் உண்ணுங்கள். உங்கள் கையைப் பார்த்து அவர்கள் கையும் எழும். ஒரே ஸஹனில் கூடி உண்ணும் நம் வழக்கம் இதற்கு வெகு பொருத்தம். மீன் முள்ளை மட்டும் விரலால் தடவித் தடவி நீக்கிவிட வேண்டும். ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணி நேரமாகிறது. இது முழுவதும் என் மனைவியின் தலையில் விழாதிருக்க, இரவு உணவு என் பொறுப்பு.

கஞ்சித் தண்ணீர், மோர், இளநீர் என்று மணிக்கொருமுறை சிறிது கொடுங்கள். திடீரெனக் குழப்பம் மிகுந்தால் நீர்ச்சத்துக் குறைந்திருக்கலாம். படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. பருகும்போது இருமினாலோ குரல் கரகரத்தாலோ தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய அல்ஸைமர் சங்கமும் இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டி வருகிறது.

ரமளானில் வாப்பா "எனக்கு நோன்பு" என்று உணவைத் தள்ளிவிடுவார்கள். அறிவு மறைந்தவர் மீது நோன்பு கடமையில்லை என்று அவர்களிடம் சட்டம் பேசிப் பயனில்லை. சற்றுப் பொறுத்து, கொட்டை நீக்கிய பேரீத்தம்பழம் ஒன்றைக் கையில் வைப்போம். பிஸ்மி சொல்லித் தாமாகவே உண்பார்கள்.